இரண்டாம் பருவத் தொடக்கம்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வும் விடுமுறையும் முடிந்து இரண்டாம் பருவம் தொடங்கிவிட்டது. திருத்திய விடைத்தாள்கள் இந்த வாரம் வீட்டுக்கு வரும். பார்த்துக் கையெழுத்திட்டு, திங்கட்கிழமைக்குள் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள்.

முதல் பருவம் நல்லபடியாக நடந்தது. ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாளில் பேச்சு, கட்டுரை, ஓவியப் போட்டிகளில் பிள்ளைகள் ஆர்வமாகக் கலந்துகொண்டார்கள். குறுவட்ட விளையாட்டுப் போட்டிகளில் பரிசுகள் வந்திருக்கின்றன. வருகைப் பதிவும் முன்பைவிட மேம்பட்டிருக்கிறது. உழைத்த மாணவர்கள், ஆசிரியர்கள் எல்லாருக்கும் வாழ்த்துகள். மழைக்காலம் வருகிறது, புத்தகங்களை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுப் பையில் வைக்கப் பழக்குங்கள். மழை விடுமுறை பற்றி மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பை மட்டும் நம்புங்கள். குரூப்பில் வரும் பழைய செய்திகளைப் பகிர வேண்டாம்.

6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளின் செயல்திட்டங்களைப் பற்றித்தான் இந்தக் கடிதத்தில் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் வீட்டில் ‘ப்ராஜெக்ட்’ என்று சொல்வது இதைத்தான்.

முதல் பருவத்தில் வந்து சேர்ந்தவற்றை ஆசிரியர்கள் ஒன்றாகப் பரப்பி வைத்துப் பார்த்தபோது, பாதிக்கும் மேற்பட்டவை பிள்ளைகள் செய்தவை அல்ல என்பது தெளிவாகத் தெரிந்தது. ஒரே வகுப்பில் மூன்று பேர் கொண்டுவந்த எரிமலைகள் ஒரே அளவு, ஒரே வண்ணம், அடியில் ஒரே கடையின் ஸ்டிக்கர். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் பைண்டிங் செய்த தொகுப்புகளில், இணையதளத்தின் நீலநிற அடிக்கோடுகள் அப்படியே இருந்தன. சில சார்ட்டுகளில் எழுத்து மிக அழகு. அதே பிள்ளையின் வகுப்பு நோட்டில் எழுத்து வேறு. தெர்மாகோல் வீட்டில் ஓடிய சின்ன மோட்டாரைப் பற்றிக் கேட்டால், பேட்டரியின் எந்த முனையில் எந்த ஒயரை இணைத்தார்கள் என்று பிள்ளைக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆசிரியர்கள் துப்பறியவில்லை. தினமும் நோட்டுத் திருத்துகிறவர்களுக்கு ஒவ்வொரு பிள்ளையின் கையெழுத்தும் சொல்லும் பிழையும் அத்துப்படி. ஏழாம் வகுப்புப் பிள்ளை எந்த இடத்தில் ‘ற’ போடுவதற்குப் பதிலாக ‘ர’ போடும் என்பதுகூட அவர்களுக்குத் தெரியும்.

பெற்றோர் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பதும் எங்களுக்குப் புரிகிறது. யாரும் பிள்ளையை ஏமாற்றுக்காரராக வளர்க்க நினைப்பதில்லை. ‘எல்லாரும் கடையில் வாங்கிக் கொடுக்கிறார்கள், என் பிள்ளை மட்டும் கோணல்மாணலாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கலாமா’ என்ற பயம்தான் காரணம். ஒரு வீட்டின் பயம் அடுத்த வீட்டைத் தொற்றுகிறது. இந்தப் போட்டியை மூட்டிவிட்டதில் பள்ளிக்கும் பங்கு உண்டு. வெள்ளிக்கிழமை தலைப்பைக் கொடுத்துவிட்டு திங்கட்கிழமை கேட்டிருக்கிறோம். இரண்டு நாளில் பன்னிரண்டு வயதுப் பிள்ளையால் தனியாக ஒன்றும் செய்ய முடியாது. பெரியவர்கள் கை வைத்தே தீர வேண்டும். பளபளப்பாக இருந்தவற்றுக்கு அதிக மதிப்பெண் போட்டிருக்கிறோம். கண்காட்சியில் அவற்றையே முன்வரிசையில் வைத்திருக்கிறோம். இவை எங்கள் தவறுகள். திருத்தும் பொறுப்பும் எங்களுடையது.

மதிப்பெண் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று பல பெற்றோர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொரு பாடத்திலும் 100-இல் 60 தொகுத்தறி மதிப்பீடு, அதாவது பருவத் தேர்வு. 40 வளரறி மதிப்பீடு. அந்த 40-இல் 20 சிறுதேர்வுகளுக்கு, 20 செயல்பாடுகளுக்கு. செயல்திட்டம் இந்தக் கடைசி 20-க்குள் வருகிறது. கடையில் வாங்கியதற்கு 9-உம் கையால் செய்ததற்கு 6-உம் போட்டால் வித்தியாசம் 3 மதிப்பெண்தான். மதிப்பெண் பதிவேட்டில் அது பெரிதாகத் தெரியாது. ஆனால் அந்த 6 வாங்கிய பிள்ளைக்குத் தன் 6 எப்படி வந்தது, பக்கத்துப் பெஞ்சின் 9 எப்படி வந்தது என்று இரண்டுமே தெரியும். தானே யோசித்துச் செய்தவளுக்கு, ‘அப்பாவிடம் பணம் இருந்திருந்தால் எனக்கும் 9’ என்பதுதான் அந்தப் பருவத்தில் கற்ற பாடமாகிவிடும். 9 வாங்கிய பிள்ளைக்கும் லாபம் இல்லை. அளக்கவும் வெட்டவும் தவறிப்போனதைத் திரும்பச் செய்யவும் கிடைத்த வாய்ப்பு அந்தப் பிள்ளையிடமிருந்து போய்விட்டது.

அப்படியென்றால் பெற்றோர் உதவவே கூடாதா? கட்டாயம் உதவ வேண்டும். எந்த உதவி, எது வரை என்பதுதான் கேள்வி. இதற்கு நல்ல அளவுகோல் ஒன்று நம் பொதுத்தேர்விலேயே இருக்கிறது. பார்வைக் குறைபாடு, கற்றல் குறைபாடு போன்ற காரணங்களால் தானாக எழுத முடியாத மாணவர்களுக்கு, ‘சொல்வதை எழுதுபவர்’ ஒருவரை அரசுத் தேர்வுகள் துறை அனுமதிக்கிறது; ஒரு மணி நேரம் கூடுதலாகவும் தருகிறது. இதைச் சலுகை என்று சிலர் முணுமுணுப்பதுண்டு. சலுகை அல்ல, மற்றவர்கள் நிற்கும் கோட்டுக்கு அந்தப் பிள்ளையையும் கொண்டுவந்து நிறுத்தும் ஏற்பாடு. எழுதுபவருக்கும் கண்டிப்பான வரம்பு உண்டு. மாணவர் சொன்னதை மட்டுமே எழுத வேண்டும். விடை தவறு என்று தெரிந்தாலும் சொன்னபடியே எழுத வேண்டும். ஒரு புள்ளியைக்கூடத் தானாகச் சேர்க்கக் கூடாது. கை அவருடையது, விடை மாணவருடையது.

வீட்டிலும் அந்த வரம்பைக் கடைப்பிடித்தால் போதும். பிளேடு, சூடான பசைத் துப்பாக்கி, அடுப்பு, மொட்டைமாடி விளிம்பு இவற்றில் பெரியவர்கள்தான் கை வைக்க வேண்டும். பொருள் வாங்கிக் கொடுங்கள். புரியாத பத்தியைப் படித்துக் காட்டுங்கள். ‘ஏன் இப்படி வைத்தாய்’ என்று கேளுங்கள். எழுத்துப்பிழை தெரிந்தால் அடியில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள், திருத்துவது பிள்ளையாக இருக்கட்டும். வாக்கியம் அமைப்பது, படம் வரைவது, எண்களை நிரப்புவது, முடிவு எழுதுவது நான்கிலும் நீங்கள் கை வைக்க வேண்டாம். டியூஷனுக்கு அனுப்புகிறவர்கள் இந்தப் பத்தியை டியூஷன் மிஸ்ஸிடமும் காட்டுங்கள். அங்கே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள் என்று சில பிள்ளைகளே சொல்கிறார்கள்.

கைபேசியில் உள்ள செயற்கை நுண்ணறிவுச் செயலிகளுக்கும் இதே வரம்புதான். புரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அதன்பின் கைபேசியை மூடி வைத்துவிட்டு, நோட்டில் சொந்த வார்த்தையில் எழுத வேண்டும். செயலி கொடுத்ததை அப்படியே பார்த்து எழுதியவை எளிதில் மாட்டிக்கொள்கின்றன. நம் தெருவைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு எந்த ஊருக்கும் பொருந்துகிற பதில் வந்திருக்கும்.

இனி, இந்தப் பருவத்தில் என்ன மாறுகிறது என்று சொல்கிறேன்.

தலைப்பு இந்த வாரமே வகுப்பில் அறிவிக்கப்படும். ஒப்படைக்க ஆறு வாரம் உண்டு. மழை விடுமுறை நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. செலவு 50 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஒரு சார்ட், இரண்டு கிராஃப் தாள், ஒரு சின்ன கோந்து பாட்டில் இதற்குள் அடங்கும். அதற்கு மேல் செலவழித்துச் செய்ததற்குக் கூடுதல் மதிப்பெண் கிடையாது.

மூன்று வகுப்புகளுக்கும் தலைப்பு தண்ணீர்தான். கடையில் வாங்க முடியாத ஒன்றாக இருக்க வேண்டும் என்றுதான் யோசித்துத் தேர்ந்தெடுத்தோம். இந்த வருடத்து வடகிழக்குப் பருவமழையை எந்தக் கடையும் விற்க முடியாது.

ஆறாம் வகுப்பு மழைமானி செய்து, நான்கு வாரம் அளவெடுக்க வேண்டும். பக்கங்கள் நேராக உள்ள ஒரு பிளாஸ்டிக் பாட்டில் வேண்டும். நடுவில் இடுப்பு போல ஒடுங்கியதோ, வரிவரியாக மடிப்புள்ளதோ உதவாது. அகலம் மாறினால் அளவு தப்பும். கழுத்து முடிந்து அகலம் சீராகும் இடத்தில் பெரியவர் ஒருவர் வெட்டிக் கொடுக்க வேண்டும். வெட்டிய மேல்பாகத்தின் மூடியைக் கழற்றி, தலைகீழாக உள்ளே பொருத்தினால் அதுவே புனல். அடிப்பாகம் சமமாக இருக்காது. அதனால் கொஞ்சம் கூழாங்கல் போட்டு, மேடுபள்ளம் மறையும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் ஒரு கோடு போட வேண்டும். அதுதான் பூஜ்யம். அங்கிருந்து மேல்நோக்கி மில்லிமீட்டர் அளவுகோலை ஒட்ட வேண்டும். சுவர், மரம், சன்ஷேடு பக்கத்தில் வைத்தால் அவை சாரலை மறைக்கும், இல்லையென்றால் கூரைத் தண்ணீர் சொட்டும். திறந்த இடத்தில், காற்றுக்குச் சாயாதபடி இரண்டு செங்கலுக்கு நடுவே வைப்பது நல்லது.

பிள்ளைகள் தவறும் இடங்கள் இரண்டு. அளந்த பிறகு பூஜ்யக் கோடு வரை தண்ணீரைக் கொட்ட மறந்துவிடுவார்கள். நேற்றைய மழை இன்றைய கணக்கில் ஏறிவிடும். மழை பெய்யாத நாளில் ஒன்றும் எழுதாமல் விட்டுவிடுவார்கள். மழை இல்லையென்றால் 0 என்று எழுத வேண்டும். வெற்றிடம் என்றால் அன்று பார்க்கவில்லை என்று அர்த்தம். பார்க்கவில்லையென்றால் ‘பார்க்கவில்லை’ என்றே எழுதட்டும், அதற்கு மதிப்பெண் குறைக்க மாட்டோம். யோசித்து ஓர் எண்ணைப் போட்டு நிரப்புவதுதான் தவறு.

வானிலை ஆய்வு மையம் காலை 8.30-க்கு அளக்கிறது. அந்த நேரத்தில் நம் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். ஆகவே 7 மணி என்று வைத்துக்கொண்டு தினமும் 7-க்கே பார்த்தால் போதும். அந்த மையம் சென்னை நுங்கம்பாக்கத்தில் பதிவு செய்த அளவையும் பக்கத்தில் எழுத வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாது. நேரம் வேறு, இடம் வேறு. அண்ணா நகரில் கொட்டும்போது அடையாறில் தூறல்கூட இருக்காது. ஏன் ஒத்துப்போகவில்லை என்று பிள்ளை தானாகச் சொல்லும் காரணத்துக்குத்தான் மதிப்பெண். நுங்கம்பாக்கத்து எண்ணோடு அச்சாகப் பொருந்தும் பட்டியல் வந்தால் அதைத்தான் நாங்கள் திரும்பக் கேட்போம்.

ஏழாம் வகுப்புக்கு ஏரிகள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை–தேர்வாய் கண்டிகை ஐந்தின் நீர் இருப்பும் நாளிதழ்களில் வருகிறது. சென்னைக் குடிநீர் வாரியத்தின் இணையதளத்திலும் இருக்கிறது. முழுக் கொள்ளளவு முறையே 3231, 1081, 3300, 3645, 500 மில்லியன் கன அடி. வாரத்துக்கு இரண்டு முறை எழுதி, விழுக்காடு போட்டு, கிராஃப் தாளில் ஐந்து வண்ணக் கோடுகளாக வரைய வேண்டும். இருப்பை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். சோழவரத்தில் 800 என்றால் அது கிட்டத்தட்ட 74 விழுக்காடு. செம்பரம்பாக்கத்தில் அதே 800 வெறும் 22 விழுக்காடு. இந்த வகுத்தலைப் பிள்ளை கையால் போட வேண்டும். கணக்கு ரஃப் நோட்டில் இருக்க வேண்டும், அதையும் சேர்த்து ஒப்படைக்க வேண்டும்.

எட்டாம் வகுப்பு வீட்டுத் தண்ணீர்க் கணக்கை எடுக்கும். குடத்தின் கொள்ளளவை ஒரு லிட்டர் பாட்டிலால் அளந்து, ஒரு வாரத்தில் எத்தனை குடம் என்று எழுதி, தலைக்கு ஒரு நாளுக்கு எவ்வளவு என்று காண வேண்டும். மோட்டார், மேல்தொட்டி உள்ள வீடுகளில் வாளிக்கணக்கு. அடுத்து மழைநீர்: ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 600 சதுர அடி மொட்டைமாடி ஏறக்குறைய 56 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் பெய்தால் 560 லிட்டர். 2003-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டது. தங்கள் கட்டடத்தில் அந்தக் குழாய் எங்கே இறங்குகிறது, அடைப்பில்லாமல் இருக்கிறதா என்று பிள்ளைகள் பார்த்து எழுத வேண்டும். வாடகை வீட்டில் மாடிக்குப் போக அனுமதி இல்லாதவர்கள் பள்ளி மாடியின் அளவை எடுத்துக்கொள்ளலாம். மழைமானி வைக்க இடமில்லாத ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் பள்ளி மாடியில் இடம் உண்டு.

மதிப்பெண் 10-க்கு இப்படி: என்ன செய்யப் போகிறேன் என்று முதல் வாரம் எழுதித் தரும் அரைப் பக்கத்துக்கு 1. தேதியிட்ட குறிப்புகளுக்கு 4. நேரில் விளக்கிச் சொல்வதற்கு 4. ஒழுங்குக்கும் தோற்றத்துக்கும் சேர்த்து 1. நேரில் கேட்பவர் அந்த வகுப்பின் ஆசிரியராக இருக்க மாட்டார். ‘அ’ பிரிவு ஆசிரியர் ‘ஆ’ பிரிவைக் கேட்பார், ‘ஆ’ பிரிவு ஆசிரியர் ‘அ’ பிரிவைக் கேட்பார். பேசத் தயங்கும் பிள்ளைகள் படம் போட்டோ எழுதியோ விளக்கலாம். குழுவாகச் செய்தால் நான்கு பேருக்கு மேல் கூடாது. யார் எந்த வேலையைச் செய்தார்கள் என்று கடைசிப் பக்கத்தில் அவரவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஒருத்தி உழைக்க, மூன்று பேர் பெயர் மட்டும் சேரும் வழக்கம் இத்துடன் நிற்க வேண்டும்.

எல்லா வீடும் ஒன்றுபோல இல்லை என்பதை நாங்கள் மறக்கவில்லை. ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும் வீடு உண்டு. அப்பா இரவுப் பணிக்குப் போய், அம்மா ஏற்றுமதி நிறுவனத்தில் தையல் முடித்து இரவு எட்டுக்கு வரும் வீடு உண்டு. இருக்கும் ஒரே கைபேசியும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இவர்களுக்காகச் செவ்வாய், வியாழன் மாலை 4.15 முதல் 5.15 வரை கீழ்த்தள வகுப்பறை திறந்திருக்கும். கத்தரி, அளவுகோல், கோந்து, வண்ணப் பென்சில், அன்றைய நாளிதழ், ஓர் ஆசிரியர் எல்லாம் அங்கே இருக்கும். யார் வேண்டுமானாலும் வரலாம். காரணம் கேட்க மாட்டோம். சனிக்கிழமை முடிந்தால் உங்கள் பகுதிக் கிளை நூலகத்துக்கோ, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவுக்கோ அழைத்துப் போங்கள்.

இப்போது சொல்லப்போவதைச் சற்றுக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கடையில் வாங்கியதையோ பிறர் செய்ததையோ பிள்ளையின் பெயரில் கொடுப்பது பொய். அந்தப் பொய்யை வகுப்பில் எழுந்து நின்று சொல்ல வேண்டியது நீங்கள் அல்ல, உங்கள் பிள்ளை. அப்படிப்பட்டது இனி மதிப்பிடப்படாது, திருப்பி அனுப்பப்படும். அந்தப் பிள்ளை பள்ளியிலேயே, மாலை வகுப்பில், அதைத் தானாகச் செய்து முடிக்கும். அதற்கு முழு மதிப்பெண் வாங்கும் வாய்ப்பும் உண்டு. பிள்ளையைக் கண்டிக்கவோ வகுப்பில் பெயரைச் சொல்லவோ மாட்டோம். பொறுப்பு பெரியவர்களுடையது என்பதால் பேச்சும் பெரியவர்களிடம்தான். மதிப்பெண்ணில் ஐயம் இருந்தால் ஐந்து நாட்களுக்குள் நாட்குறிப்பில் எழுதியனுப்புங்கள். நேரில் வாருங்கள், ஆசிரியர் குறிப்போடு காட்டுவார். இரவு பத்து மணிக்கு வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் மற்ற பிள்ளைகளின் மதிப்பெண்ணை ஒப்பிட்டு ஆசிரியரைக் கேள்வி கேட்பதை ஏற்க முடியாது. முதல் பருவத்தில் அப்படி நடந்தது. இனி நடந்தால் அந்தக் குரூப்பில் அறிவிப்புகள் மட்டும்தான் வரும்.

மறந்துவிட்டுப் போன சார்ட்டை இடைவேளையில் வாசலில் கொண்டுவந்து கொடுப்பதையும் நிறுத்திக்கொள்ளுங்கள். எத்தனை பேர் வேலையில் அனுமதி கேட்டுக்கொண்டு ஓடிவருகிறீர்கள் என்பதைக் காவலாளி சொல்லித் தெரிந்துகொண்டோம். மறுநாள் கொண்டுவரலாம், மதிப்பெண் குறையாது. முடிக்க முடியாதவர்கள் முடிந்தவரை ஒப்படைக்கட்டும். இருக்கிற குறிப்புக்கு மதிப்பெண் உண்டு.

இவ்வளவு எழுதிய பிறகு, நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர் இருக்கிறார்கள். கோணலாக வெட்டிய அட்டையை, வழிந்த கோந்தை, பிள்ளை செய்தபடியே தொடாமல் அனுப்பிய பெற்றோர் முதல் பருவத்திலும் இருந்தீர்கள். அந்த வேலைகளுக்கு உரிய மதிப்பை நாங்கள் அப்போது கொடுக்கவில்லை, அதற்காக வருந்துகிறோம். அவற்றை இந்த வாரம் கீழ்த்தள நடைவழியில் வைத்திருக்கிறோம், வந்து பாருங்கள். மாலை வகுப்புக்குப் பழைய நாளிதழும் பாட்டில்களும் சேர்த்துத் தர முன்வந்த பெற்றோர் ஆசிரியர் கழகத்தினருக்கும் நன்றி. தங்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்ளச் சம்மதித்துக் கூடுதல் நேரம் ஒதுக்கும் ஆசிரியர்களுக்கும் நன்றி.

வரும் வெள்ளிக்கிழமை மாலை 4.30 மணிக்குப் பள்ளி அரங்கில் பெற்றோர் கூட்டம் இருக்கிறது. ஒரு மழைமானியை அங்கேயே செய்து காட்டுகிறோம். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். வெட்டுவதற்கு ஏற்ற ஒரு பாட்டில் வீட்டில் இருந்தால் கையோடு எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்